கேட் வீட்டு அத்தையின் சேலை

தூளியில் கிடந்த நினைவு யாருக்கும் இருக்காது என்பார்கள். எனக்கு இருக்கிறது. ஒன்பது வயதிலும் தூளியில் படுத்தவன் நான். என் வயதொத்தவர்களே, இதைப் படித்துச் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். சிரிக்க இதில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். இத்தனை ஆண்டுகளில் மூன்று பேருக்கு மட்டும் சொல்லியிருக்கிறேன்.

நம் காலத்துப் பிரிக்பீல்ட்ஸை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. செங்கல் சூளைக்காக மண் எடுத்த பள்ளங்களில் மழைத் தண்ணீர் தேங்கிக் கிடக்கும். அதில் தவளை கத்தும். தண்டவாளத்தை ஒட்டி ரயில்வேக்காரர்களின் வரிசை வீடுகள். எங்கள் வரிசையில் பதினோரு வாசல், ஒரே பைப். என் அப்பா பாயின்ட்ஸ்மேன், தண்டவாளம் பிரியும் இடத்தில் ரயிலைச் சரியான பாதைக்குத் திருப்பிவிடும் வேலை. சட்டையைக் கழற்றி உதறினால் கரித்தூள் கொட்டும். கொடியில் காயும் வேட்டியில் கரி, சோற்றுப்பானை மூடியில் கரி. வெள்ளைத் துணி என்று ஒன்று எங்கள் வரிசையில் இருந்ததாகவே எனக்கு நினைவில்லை.

வரிசையின் கடைசியில் சாலை தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில் கேட். அதைத் திறந்து மூடுகிறவர் வீட்டை கேட் வீடு என்போம். அவர் மனைவிதான் கேட் வீட்டு அத்தை. சொந்தமில்லை. ஆனாலும் வரிசையிலிருந்த பிள்ளைகள் எல்லாருக்கும் அவள் அத்தை. உயரமானவள், கறுப்பு, சிரித்தால் பைப்படி வரை கேட்கும். கணவர் கொல்லைப்பக்கம் போன நேரத்தில் ரயில் வந்துவிட்டால், இடுப்பில் ஒரு பிள்ளையோடு ஓடிப்போய்த் தானே பச்சைக் கொடி காட்டுவாள். சரக்கு வண்டி டிரைவர்கள் அவளுக்காகவே ஒருமுறை கூடுதலாக ஊதுவார்கள்.

ஏழு பெற்றவள். ஏழும் உயிரோடு இருந்தன. இன்று இது பெரிய செய்தி இல்லை. அன்று எங்கள் வரிசையில் ஒன்றிரண்டைப் பறிகொடுக்காத வீடே கிடையாது. எனக்கும் என் தங்கைக்கும் நடுவில் என் அம்மா இரண்டைப் புதைத்தாள். அதனால் அத்தையின் பழஞ்சேலைக்கு எங்கள் வரிசையில் இருந்த மதிப்பு பட்டுக்கும் இல்லை.

வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது. பிள்ளைகள் நிலைத்த வீட்டிலிருந்து பழையதை வாங்கித்தான் முதலில் போட வேண்டும். எங்கள் வரிசையில் தூளிக்கும் அதே கணக்கு. யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் அத்தையின் சேலைதான் உத்தரத்தில் ஏறும். ஒரு குழந்தை தேறியதும் அந்தச் சேலை அடுத்த வீட்டுக்குப் போகும். போகும்போது வெயிலில் உதறிப் போடுவார்களே தவிர, சோப்புப் போட மாட்டார்கள். ராசி கரைந்துவிடுமாம்.

"எனக்குக் கட்டிக்க ரெண்டுதான் மிச்சம்" என்று அத்தை பைப்படியில் சொல்வாள். "மத்ததெல்லாம் எவ எவ வீட்டு உத்தரத்துலயோ ஆடுது. ஒரு நா நான் சாக்கைக் கட்டிக்கிட்டுத்தான் கொடி காட்டப் போறேன். டிரைவர் பயந்துபோயி ரயிலையே நிறுத்திப்புடுவான், பாருங்கடி."

வெறும் பேச்சுத்தான். யாராவது ஒரு கர்ப்பிணி அவளிடம் வந்து கேட்காமல் போனால் அவளுக்கு முகம் வாடிவிடும்.

என் தங்கைக்கு வந்தது ஒரு கண்டாங்கி. அரக்கு நிறத்தில் மஞ்சள் கட்டம், தடித்த நூல். முந்தானைப் பக்கம் ஒரு காசு அளவு ஓட்டை. கொடி காட்டும்போது இன்ஜின் பொறி பட்டுக் கருகியது. அத்தை அதைத் தைக்கவில்லை. தேங்காயெண்ணெய், மஞ்சள், கரிப்புகை மூன்றும் கலந்த வாசனை அந்தச் சேலைக்கு. தூளியாகக் கட்டியபோது அந்த ஓட்டை சரியாகத் தங்கையின் முகத்துக்கு நேரே வந்தது. வெளியிலிருந்து நான் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்ப்பேன். உள்ளேயிருந்து இன்னொரு கண் பார்க்கும். பிறகு ஒரு விரல் வெளியே வரும், அவரைக்காய் முனை மாதிரி. நான் அதைப் பிடித்தால் உள்ளே சிரிப்பு.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தூளி ஆட்டுவது என் வேலை. அம்மா விறகு பொறுக்கவும் பைப்படியில் இடம் பிடிக்கவும் போவாள். ஒரு மழை நாள். ஆட்டி ஆட்டிக் கை ஓய்ந்துவிட்டது, தங்கை தூங்குவதாக இல்லை. மெல்ல ஏறி அவளை மார்பின் மேல் போட்டுக்கொண்டு உள்ளே படுத்தேன். தகரக் கூரையில் மழை. அவள் கன்னம் என் கழுத்தில். அவளும் தூங்கினாள், நானும் தூங்கினேன். அதன்பின் அம்மா வெளியே போகிற நாளெல்லாம் ஏறினேன். பெரிய பிள்ளை தூளியில் படுத்தால் குழந்தைக்கு ஆகாது என்பார்கள். ஆகையால் அம்மாவின் காலடி கேட்டதும் குதித்து இறங்கி, ஒன்றும் தெரியாதவன்போல் ஆட்டிக்கொண்டிருப்பேன்.

இங்கே பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்பில் ஒரு பையனுக்குக் கை முழுக்கச் சொறி. வாத்தியார் அவனைக் கதவோரத்தில் தனி பெஞ்சில் உட்கார வைத்திருந்தார். "சொறி பெஞ்சு, சொறி பெஞ்சு" என்று எல்லாரும் கத்துவோம், என் குரல் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். ஆனால் பள்ளி விட்டதும் சூளைப் பள்ளத்தருகே அவனோடுதான் நான் கோலி விளையாடுவேன். அவனைப்போல் கோலி அடிக்க வரிசையில் ஆளில்லை. என் கட்டைவிரலைத் தன் விரலால் வளைத்துப் பிடித்து அவன்தான் கற்றுக் கொடுத்தான். வகுப்பில் கேலி, பள்ளத்தில் சிநேகம். அவன் அதைப் பற்றி ஒருநாளும் என்னைக் கேட்கவில்லை.

சில வாரங்களில் என் விரலிடுக்குகளில் அரிப்பு ஆரம்பித்தது. பகலில் பொறுத்துக்கொள்ளலாம். விளக்கு வைத்த பிறகு பொறுக்க முடியாது. சின்னச் சின்னக் கொப்புளம், நூல் இழுத்ததுபோல் மெல்லிய கோடு. என்னவென்று எனக்குத் தெரிந்தது. பள்ளிக்குத் தெரிந்தால் கதவோர பெஞ்சு. வீட்டுக்குத் தெரிந்தால் தங்கையைத் தொட விடமாட்டார்கள். எது அதிகப் பயம் என்று அன்று கேட்டிருந்தால் பெஞ்சு என்றிருப்பேன். இன்று யோசித்தால், தங்கைதான் என்று தோன்றுகிறது. நல்லவனாகத் தெரிய வேண்டும் என்று இப்படிச் சொல்கிறேனோ என்னவோ. கையைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்ளப் பழகினேன். தூளியில் ஏறுவதை மட்டும் நிறுத்தவில்லை.

தங்கைக்கு நான்கு மாதம் முடிந்தபோது பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஊரிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். தாய் கடலுக்கு அந்தப்பக்கம். அத்தை எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"உம் பொண்ணு தேறிட்டாடி. கன்னத்தைப் பாரு, ஆப்பம் மாதிரி. அந்தப் பச்சப்புள்ளைக்கு அனுப்பு. உம் பொண்ணுக்கு நான் வேற தர்றேன்."

அன்று மாலையே அம்மா சேலையை அவிழ்த்து உதறி என் தோளில் போட்டாள். ராஜா சால்வை போர்த்தியதுபோல் அதைச் சுற்றிக்கொண்டு, நாலு எட்டில் போக வேண்டிய வீட்டுக்கு வரிசை முழுக்கச் சுற்றிவிட்டுப் போனேன். அத்தை பார்த்துச் சிரித்தாள். "கொடி காட்டட்டுமா மாப்ள?" என்றாள்.

முதலில் தங்கையின் நெற்றியில் தெரிந்தது. பிறகு கன்னம், காதோரம், உள்ளங்கால். கடுகு தூவியதுபோல் சிவப்புப் புள்ளிகள். பத்து நாளில் சில புள்ளிகள் நீர் கோத்துக்கொண்டன. ஆப்பக் கன்னம் போய்விட்டது. கையைச் சின்னத் துணிப்பையில் போட்டுக் கட்டினார்கள், அவள் முகத்தைத் தூளித் துணியில் வைத்துத் தேய்த்தாள். தூக்கினால் தூக்கியவர் தோளில் தேய்த்தாள். கொஞ்ச நாளில் சுவருக்கு அந்தப்பக்கம் அக்காவின் குழந்தையும் அழ ஆரம்பித்தது. அதற்கும் முகம் முழுக்க அதே புள்ளி.

கரப்பான் என்றார்கள். பச்சைக் குழந்தை முகத்தில் எது வந்தாலும் அன்று அதற்குக் கரப்பான் என்றுதான் பெயர். தாய்ப்பால் வழியாக வருவது, ஆகவே பத்தியம் தாய்க்கு. என் அம்மாவுக்குக் கத்தரிக்காய் போயிற்று, கருவாடு போயிற்று, மாங்காய் போயிற்று. ரசமும் சோறும் தின்று இளைத்தாள். அப்பா பாசார் கடைகளில் எங்கோ தேடிக் கரப்பான் பட்டை வாங்கி வந்தார். எண்ணெயில் காய்ச்சித் தடவினார்கள். பிறகு வேப்பிலையும் மஞ்சளும். பிறகு கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். வீடு முழுக்க நெடி, எல்லாரும் இருமினோம், குழந்தை மட்டும் அதேபோல் அழுதது. மிளகாய் சுற்றும்போது என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள் அம்மா. நான் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் அப்பா ரயில்வே ஆஸ்பத்திரி டிரஸ்ஸரை அழைத்து வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், சைக்கிளில் வருவார், வெள்ளைக் கால்சட்டை. எங்கள் வரிசையில் வெள்ளை என்று நான் பார்த்தது அது ஒன்றுதான். குழந்தையின் காலைத் தூக்கி உள்ளங்காலைப் பார்த்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கன்னத்தைப் பார்த்தார்.

"இது கரப்பானும் இல்லை, அம்மையும் இல்லை. பூச்சி."

"பூச்சியா ஐயா?" என்றாள் அம்மா.

"ஓம். கண்ணுக்குத் தெரியாத பூச்சி. தோலுக்குள்ள வளை தோண்டி முட்டையிடும், நண்டு மாதிரி. பெரிய ஆக்களுக்கு முகத்தில வராது, குழந்தையளுக்கு வரும். இந்தக் கந்தக மருந்தைப் பூச வேணும். குழந்தைக்கு மட்டும் இல்லை, வீட்டில எல்லாரும். துணியெல்லாம் அவிக்க வேணும். தொட்டாலும் பரவும், துணியாலயும் பரவும். விளங்குதோ?"

"விளங்குதுங்க ஐயா."

அவர் சைக்கிளில் ஏறிப் போனார். சொன்னது முழுவதும் சரி. எங்கள் வரிசையின் காதில் விழுந்தது ஒரே சொல்: துணி.

மறுநாள் பைப்படியில் நான் வாளியோடு நின்றேன். ஃபிட்டர் வீட்டு அம்மா குடத்தை விளக்கிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"ரெண்டு வீட்டுலயும் எந்தத் துணி ஆடுச்சு? ஒரே துணிதானே? ராசி ராசின்னு வாங்கிக் கட்டினீங்க. நல்ல ராசி."

"அவ ஏழு பெத்தவ, அக்கா" என்றாள் ஒருத்தி.

"அவளோட ஏழு நல்லாத்தான் இருக்கும். அவளுக்கு வரவேண்டியதெல்லாம் சேலையில ஏறி நம்ம வீட்டுக்குல்ல வந்துடுது?"

யாரும் சிரிக்கவில்லை. அத்தை குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். கேட்டுவிட்டாள். குடத்தை வைத்தாள், தண்ணீர் பிடிக்கவில்லை. திரும்பிப் போய்விட்டாள்.

அன்று பிற்பகல் எங்கள் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை, வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள். எப்போதும் நேரே அடுப்படிக்கு வருகிறவள்.

"ஏண்டி, உன் வீட்டுல வேற யாருக்காச்சும் சொறி இருக்கா?"

"ஏன் அத்தாச்சி?"

"என் வீட்டு ஏழையும் வெயில்ல நிக்க வெச்சு உரிச்சுப் பாத்துட்டேன். ஒண்ணுக்கும் இல்ல. எனக்கும் இல்ல, அவருக்கும் இல்ல. எங்க வீட்டுல இல்லாதது என் சேலைக்கு எப்படிடி வந்துச்சு? என் சேலைக்கு அது வேற எங்கிருந்தோதானே வந்திருக்கணும்?"

இன்று நினைத்தால் வியப்பாக இருக்கிறது. அந்த வரிசையிலேயே சரியான கேள்வியைக் கேட்டவள் எழுத்து அறியாத அவள்தான். குரலில் கோபம் இல்லை. ஒரு சொல்லுக்காக நின்றிருந்தாள். எங்கள் வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறது என்று சொல்லிவிட்டால் போதும், அவள் பெயர் மீளும்.

அம்மா தன் கையைப் பார்த்துக்கொண்டாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"உனக்கு எங்கயாச்சும் அரிக்குதாடா?"

என் கைகள் பைக்குள் இருந்தன. அந்த நேரத்திலும் அரித்துக்கொண்டிருந்தது.

"இல்லம்மா."

அம்மா என் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. கையைப் பார்த்திருந்தால் என் ஆயுளே வேறு மாதிரி போயிருக்கும். அவள் பார்ப்பதற்குள் அத்தையே சொல்லிவிட்டாள்.

"விடுடி. அவன் படிக்கிற புள்ள, பொய் சொல்ல மாட்டான்."

பிறகு, "அப்ப என் சேலைதான்" என்றாள். எங்களிடம் சொன்னதுபோல் இல்லை.

அக்கா வீட்டுக்குப் போய்க் கண்டாங்கியை வாங்கிக்கொண்டாள். அந்தப் பெண் அழுதாள். அத்தைதான் அவளைத் தேற்றினாள். நான் தூரத்தில் பின்னால் போனேன். தண்டவாளச் சரிவில் சேலையைப் போட்டு, விளக்குக்கு ஊற்றும் மண்ணெண்ணெயை அதன்மேல் ஊற்றினாள். கேட்காரர் சுருட்டிய கொடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நெருப்பு அந்தப் பொறி பட்ட ஓட்டையின் விளிம்பில் பிடித்தது. ஓட்டை பெரிதாகிப் பெரிதாகிக் கடைசியில் சேலையே ஓட்டையாகிவிட்டது. அப்போது ஒரு சரக்கு வண்டி வந்தது. டிரைவர் வழக்கம்போல் கூடுதலாக ஊதினார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மருந்தை எல்லாரும் பூச வேண்டும் என்று டிரஸ்ஸர் சொன்னதை அப்பா ஏற்கவில்லை. "புள்ளைக்குத்தானே வந்துச்சு, நமக்கு எதுக்கு? மருந்து புள்ளைக்கே பத்தாது" என்றார். நான் விடியற்காலையில் திருடிப் பூசினேன். அழுகிய முட்டை நாற்றம். அம்மா அதைத் தங்கையின் மேலிருந்து வரும் நாற்றம் என்று நினைத்துக்கொண்டாள். தங்கை தேறினாள், அக்காவின் குழந்தையும் தேறியது, நானும் தேறினேன். சேலையைக் கொளுத்தியதும் எல்லாம் சரியாகிவிட்டது, பார்த்தீர்களா என்றாள் ஃபிட்டர் வீட்டு அம்மா. அதை யாரால் மறுக்க முடியும்?

அத்தையை யாரும் திட்டவில்லை. எங்கள் வரிசை அப்படிப்பட்டதல்ல. பொங்கல் கொடுத்தார்கள், தீபாவளிப் பலகாரம் கொடுத்தார்கள். சேலை மட்டும் கேட்கவில்லை. அடுத்து பிறந்த குழந்தைக்கு வேறு எங்கிருந்தோ பழந்துணி வந்தது. அத்தை குழந்தை பார்க்கப் போனால், தாய்மார் பேசிக்கொண்டே குழந்தையின் முகத்தில் துணியை இழுத்து விடுவார்கள். ஒருமுறை என் கண்ணெதிரே நடந்தது. அத்தை நீட்டிய கையை எடுத்து, தன் மூக்குத்தியைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்தாள். பிறகு அவள் குழந்தை பார்க்கப் போவதில்லை. அவளுடைய சேலைகள் எல்லாம் அவள் வீட்டுக் கொடியிலேயே காய்ந்தன.

மறு ஆண்டு கேட்காரருக்குக் கிளாங் பக்கம் மாற்றலாயிற்று. மாட்டு வண்டியில் பெட்டி படுக்கை ஏற்றினார்கள். அத்தை என்னைக் கூப்பிட்டு ஒரு பொட்டலம் எள்ளுருண்டை கொடுத்தாள். "நல்லாப் படி. கிராணி ஆயிட்டா அத்தையை மறந்துடாத, என்ன?" அதற்குள் என் கைகளில் ஒன்றும் இல்லை. இருந்தும் பின்னால் கட்டிக்கொண்டேன். அவளே என் சட்டைப் பையில் பொட்டலத்தைத் திணித்துவிட்டுப் போனாள்.

நான் கிராணி ஆனேன், ஆபீஸில் கணக்கெழுதும் குமாஸ்தா. கல்யாணமும் ஆயிற்று. என் மனைவி ஏழு மாதமாக இருந்தபோது, பழந்துணிக்கு எந்த வீட்டில் சொல்லி வைக்கலாம் என்று அம்மா ஆரம்பித்தாள். அன்றிரவே மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "போயி அவங்ககிட்டயே கேளுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கிளாங் ரயிலேறினேன். அத்தை மூத்த மகனோடு இருந்தாள், அங்கும் ரயில்வே வரிசை வீடுதான். தலை நரைத்திருந்தது. கேட்காரர் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். காது போய்விட்டிருந்தது. ரயில் போனால் மட்டும் தரையின் அதிர்வில் தெரிந்துகொண்டு தலையாட்டுவார்.

"அடேயப்பா, டையெல்லாம் கட்டிக்கிட்டு! கிராணி ஆயிட்டியா! அம்மா எப்படி இருக்கா? அந்தத் தூளிக்குட்டி எப்படி இருக்கா?" பழைய சிரிப்பு அப்படியே இருந்தது. காப்பி வந்தது.

"வீட்டுல ஏழு மாசம், அத்தை. ஒரு பழைய சேலை வேணும். தூளிக்கு."

சிரிப்பு நின்றது.

"கேலி பண்றியா?"

"இல்ல அத்தை."

"என் சேலையா? என் பொண்ணு பெத்தப்பவே நான் குடுக்கலடா. இந்தா, மூணாவது வாசல்ல இருக்கா. இப்ப ரெண்டாவது, பொண்ணு, பொறந்து ரெண்டு மாசம் ஆகுது. ரெண்டுக்கும் கடையில புது சரோங் வாங்கித்தான் தூளி கட்டினோம். பேரனைத் தூக்க மூணு மாசம் பயந்தேன். என் முந்தானை மூஞ்சில பட்டுடப் போவுதுன்னு இடுப்பைச் சுத்தித் துண்டு கட்டிக்கிட்டுத் தூக்குவேன். எங்கிட்ட வந்து கேக்கிறியே."

அவள் பெயரைத்தான் நான் கெடுத்தேன் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவளே அதை நம்பிவிடுவாள் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

சொன்னேன். பெஞ்சுப் பையன், கோலி, தூளி, விரலிடுக்கு, எல்லாம். இங்கே எழுதியதைவிடக் குறைவான சொற்களில், இதைவிட மோசமாகச் சொன்னேன். காப்பி ஆறியது.

"நான் வாசல்ல நின்னு கேட்டேனே" என்றாள். "அப்ப?"

"அப்பவும் அரிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு, அத்தை."

அவள் என்னைப் பார்க்கவில்லை. தண்டவாளத்தைப் பார்த்தாள்.

"பதிமூணு வருசம்" என்றாள். கொஞ்சம் கழித்து, "பாவி" என்றாள். அதற்கும் கொஞ்சம் கழித்துக் கணவர் பக்கம் திரும்பி உரக்கக் கத்தினாள்.

"ஏங்க! நம்ம சேலை இல்லையாம்! இந்தப் பயதானாம்!"

"என்ன சேலை?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்ல, சும்மா இருங்க!"

எழுந்து உள்ளே போனாள். பெட்டி திறக்கும் ஓசை கேட்டது. வெகுநேரம் வரவில்லை. புறப்படச் சொல்லாமல் சொல்கிறாளோ என்று நினைத்து நான் எழுந்து நின்றேன். வந்தபோது கையில் ஒரு கண்டாங்கி, பச்சையில் சிவப்புக் கரை, மடித்த மடிப்பில் கற்பூர வாசனை. கண் சிவந்திருந்தது.

"மூணாவது வாசல். சரோங்கை அவுத்துட்டு இதைக் கட்டச் சொல்லு. ஏன்னு கேப்பா. உன் வாயால நீயே சொல்லு."

"சரி அத்தை. எங்க வீட்டுக்கு…"

"உனக்கா? உம் புள்ள பொறக்கட்டும். இது மொதல்ல எம் பேத்திக்கு ஆடட்டும். அப்புறம் வா, வாங்கிக்கிட்டுப் போ. சோப்புப் போட்டுத் தருவேன். ராசி கரைஞ்சா கரையட்டும்."

வாங்கிக்கொள்ளக் கைகளை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை. சேலையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"விரலை விரி."

வாசல் வெளிச்சத்துக்கு என்னை இழுத்தாள். ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள், இடுக்கு இடுக்காகக் குனிந்து பார்த்தாள், வலது கை முடித்து இடது கை, உள்ளங்கை, புறங்கை. அவசரப்படவில்லை. எதிர் வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டை கட்டிய நான் பத்து விரல்களையும் விரித்துக்கொண்டு, அவள் பார்த்து முடிக்கும்வரை நின்றேன்.